இரைப்பை, குடல், கணையப் புற்றுநோய்க்குக் கார்-டி செல் ஆய்வு: சேருவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இரைப்பையிலோ பெருங்குடலிலோ கணையத்திலோ வந்த புற்று வேறு உறுப்புகளுக்கும் பரவி, இரண்டு வகைக் கீமோவும் கைவிட்ட பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் கார்-டி பற்றிக் கேட்கின்றன. நோயாளியின் டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை, வெளியே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மரபணு மாற்றி, மறுபடி உடம்பில் ஏற்றுவதுதான் கார்-டி. இந்த நோய்களுக்கு அது இன்றைக்குப் பெரும்பாலும் ஆய்வுகளில்தான் கிடைக்கிறது. இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி மருந்து, ரத்தப் புற்றுநோய்களுக்கானது. பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தைத் தேடிப் போய்த் தாக்கும்படி செய்யப்பட்டது. கணையக் கட்டியின் செல்லில் சிடி19 இல்லை. ஆகவே அந்த மருந்தையே இதற்கும் போட முடியுமா என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வேண்டாம்.

அலைச்சலில் போகும் நாட்கள்தான் இங்கே பெரிய இழப்பு. சீனாவில் 24 மையங்களில் சாட்ரி-செல் என்ற கார்-டி மருந்தை வைத்து இரைப்பைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், 104 பேருக்கு அந்த மருந்து ஒதுக்கப்பட்டது. கடைசியில் உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் 88 பேர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், கட்டிக்குள் இருந்து எடுத்த டி செல்களில் சிஐஎஸ்எச் என்ற மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் முடக்கிக் கொடுத்த ஆய்வில் 22 பேர் சேர்ந்தார்கள், 12 பேருக்குத்தான் செல் ஏறியது. சேர்வதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் நோய் முந்திக்கொள்ளலாம், உடல் தளரலாம், செல் போதுமான அளவு வளராமல் போகலாம். கீழே சொல்லியிருப்பதில் பாதி, அந்த நாட்களை மிச்சப்படுத்துவதற்காகத்தான்.

முதல்கட்ட ஆய்வு எதைப் பார்க்கிறது

முதல்கட்ட ஆய்வு முதலில் பார்ப்பது, எவ்வளவு செல் கொடுத்தால் ஆளுக்கு ஆபத்தில்லை என்பதை. கட்டி கரைகிறதா என்பதையும் குறித்துக்கொள்வார்கள், ஆனால் ஆய்வின் அமைப்பு அதற்காகப் போடப்பட்டதல்ல. வழக்கமான முறையில், குறைந்த அளவில் மூன்று பேருக்குக் கொடுத்து 28 நாள் பார்ப்பார்கள். மூவருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தம்.

ஆகவே ஆய்வு மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "எங்கள் அப்பாவுக்கு எந்த அளவு? இதே அளவில் இதுவரை எத்தனை பேருக்கு ஏற்றியிருக்கிறீர்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?" விடை சிகிச்சையின் தன்மையையே மாற்றிவிடும். பெருங்குடல் புற்றுக்காக ஜிசிசி என்ற புரதத்தைக் குறிவைத்து சீனாவில் நடந்த ஆய்வில், கிலோவுக்கு 10 லட்சம் செல் பெற்ற எட்டுப் பேரில் இருவருக்குக் கட்டி சுருங்கியது. கிலோவுக்கு 20 லட்சம் பெற்ற ஏழு பேரில் நால்வருக்குச் சுருங்கியது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இது 5 கோடிக்கும் 10 கோடிக்கும் உள்ள வித்தியாசம். ஆட்கள் மிகக் குறைவு என்பதால் இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் கீழ்ப்படியில் சேருபவருக்குப் பாதுகாப்பும் கூடுதல், பலன் கிடைக்காமல் போகும் வாய்ப்பும் கூடுதல் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

அளவை ஏன் இப்படி மெதுவாக ஏற்றுகிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் 2010இல் வெளியான ஒரு நிகழ்வை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய பெருங்குடல் புற்றுள்ள ஒருவருக்கு ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த 1000 கோடி செல்களை ஒரே தடவையில் ஏற்றினார்கள். கால் மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் இறந்துபோனார். நுரையீரல் செல்களிலும் ஹெர்2 கொஞ்சம் இருக்கிறது. ரத்தக் குழாய் வழி ஏறிய செல் முதலில் போய்த் தங்குவதும் நுரையீரலில்தான். செரிமான உறுப்புப் புற்றுகளின் அடிப்படைச் சிக்கலே இதுதான்: கட்டியில் இருக்கும் குறி நல்ல உறுப்பிலும் கொஞ்சமாவது இருக்கும். அதே நிறுவனத்தில் சிஇஏ புரதத்தைக் குறிவைத்த டி செல்களைப் பெற்ற மூவருக்கும் கடுமையான குடல் அழற்சி வந்தது, ஒருவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. குறி எந்த நல்ல உறுப்பில் இருக்கிறதோ, பக்கவிளைவும் அங்கேதான் வரும். ஒப்புதல் படிவத்தைப் படிக்கும்போது இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் தானாகப் புரியும்.

பிளாக்கைக் கையில் வாங்குங்கள்

அறுவை சிகிச்சையோ பயாப்ஸியோ செய்த மருத்துவமனையின் நோயியல் பிரிவில், கட்டித் துண்டு மெழுகுப் பாளத்தில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். ரிப்போர்ட் மட்டும் போதாது, அந்த பாராஃபின் பிளாக்கே வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பல துண்டுகள் இருந்தால் கட்டி அதிகமுள்ள பிளாக் எது என்று நோயியல் மருத்துவரிடமே கேளுங்கள். ஆய்வு மையம் ஸ்லைடு கேட்டால், அனுப்புவதற்குச் சற்று முன்தான் வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டி மாதக்கணக்கில் வைத்த ஸ்லைடில் புரதத்தின் நிறமேற்பு மங்கி, இருக்கிற குறியும் இல்லை என்று வந்துவிடலாம். மெழுகுதானே என்று வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குறிக்கான சோதனை ஐஎச்சி எனப்படும் நிறமேற்புச் சோதனை. ரிப்போர்ட்டில் "பாசிடிவ்" என்று மட்டும் இருந்தால் அதனால் பயனில்லை. எத்தனை சதவீதச் செல்களில், எவ்வளவு அடர்த்தியில் என்ற இரண்டும் வேண்டும். சாட்ரி-செல் இரண்டாம் கட்ட ஆய்வில் கிளாடின் 18.2 என்ற புரதம் குறைந்தது 40 சதவீதப் புற்றுச் செல்களில் 2+ அல்லது 3+ அடர்த்தியில் (நடுத்தர அல்லது பலமான நிறத்தில்) இருக்க வேண்டும் என்பது விதி. அதே புரதத்துக்கான எதிர்ப்பொருள் மருந்தான சோல்பெடுக்சிமாபுக்கு 75 சதவீதம் வேண்டும். ஒரே ரிப்போர்ட் ஓரிடத்தில் தகுதியாகவும் இன்னோரிடத்தில் தகுதியில்லாமலும் போவது இதனால்தான்.

சில ஆய்வுகளுக்கு ரத்தத்தில் எச்எல்ஏ வகையும் (ஆளுக்கு ஆள் மாறும் திசு வகை) தெரிய வேண்டும். கணையப் புற்றில் அடிக்கடி வரும் கேராஸ் ஜி12டி என்ற மரபணு மாற்றத்தைக் குறிவைத்த டி செல்களை அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்து, ஆறு மாதத்தில் கட்டிகள் 72 சதவீதம் சுருங்கியதாக 2022இல் வெளியிட்டார்கள். அவருக்கு எச்எல்ஏ-சி 08:02 வகை இருந்ததால்தான் அந்தச் செல்களால் புற்றைக் காண முடிந்தது. வேறு வகை இருந்தால் அதே செல் பயன்படாது. ஆகவே கேராஸ் ரிப்போர்ட்டோடு எச்எல்ஏ ரிப்போர்ட்டும் கோப்பில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழையைத் திருத்தும் திறன் கட்டியில் கெட்டிருப்பதைக் காட்டும் அடையாளம்), ஹெர்2, கிளாடின் 18.2 ஆகியவற்றுக்கான அனுமதி பெற்ற மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டீர்களா? எம்எஸ்ஐ அதிகமாக உள்ள கட்டிக்கு பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து இருக்க, அதைத் தாண்டி முதல்கட்ட ஆய்வுக்கு ஓடுவது சரியல்ல.

தகுதிப் பட்டியலில் எங்கே தட்டும்

பெரும்பாலான ஆய்வுகள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளவரைத்தான் எடுக்கும். படுக்கையில் விழுந்த பிறகு கதவு மூடிவிடும். சிடி ஸ்கேனில் அளக்கக்கூடிய கட்டி ஒன்றாவது, நீளவாக்கில் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நெரிகட்டியானால் குறுக்கில் 15. வயிற்றில் நீர் மட்டும் கோத்து, அளக்கக்கூடிய கட்டி இல்லாதவர்கள் இங்கே தட்டிப்போவார்கள்.

ஹெபடைடிஸ் பி சோதனையில் மேற்பரப்புப் புரதம் மட்டும் பார்த்தால் போதாது, கோர் எதிர்ப்பொருளும் பார்க்க வேண்டும். பழைய தொற்று உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சிகிச்சை அதை எழுப்பிவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் என்டெகாவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கி வைப்பார்கள். காசநோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியாட்டினின் அளவும் முக்கியம். செல் ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் ஃப்ளூடராபின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, வெளியேறாமல் தங்கினால் மூளையைப் பாதிக்கும்.

பித்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்திருக்கும் கணையப் புற்றுநோயாளிகள் அதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே பரிசோதித்துவிடுவது நல்லது. அடைத்துக்கொண்ட ஸ்டென்ட் பின்னால் என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

கையெழுத்துக்கு முன்

இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு, நீங்களே தேடிப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வினால் உடல் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அந்தப் பகுதி ஒப்புதல் படிவத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டு, செல் தயாரிக்க இத்தனை லட்சம் கட்டுங்கள் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண் இல்லாமல், குறிக்கான சோதனையும் செய்யாமல், எல்லாப் புற்றுக்கும் நோய் எதிர்ப்புச் செல் ஊசி போடுகிறோம் என்பது ஆய்வே அல்ல.

படிவத்தில் பலர் கவனிக்காமல் விடும் இடங்கள் சில உண்டு. கட்டாய பயாப்ஸி எத்தனை? தயாரித்த செல் தர அளவை எட்டவில்லையென்றால் என்ன செய்வார்கள், மறுபடி எடுப்பார்களா? காத்திருக்கும் வாரங்களில் கீமோ கொடுக்க அனுமதி உண்டா? இந்த மூன்றாவது கேள்விதான் எங்கள் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். செல் தயாராக மூன்று முதல் ஐந்து வாரம் பிடிக்கலாம்; வேகமாக வளரும் இரைப்பைப் புற்றுக்கு அது நீண்ட காலம். இன்னொன்று: ஒரு தடவை மரபணு மாற்றிய செல்லைப் பெற்றவரை வேறு பல செல் ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு ஆய்வுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எது முதலில் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செல் எடுப்பது, ஏற்றுவது

டி செல் பிரித்தெடுப்பதற்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வெள்ளணுக்களைப் பிரித்துவிட்டு, மறு கை வழியாகத் திருப்பி ஏற்றுவார்கள். கீமோவில் கையின் ரத்தக் குழாய் கெட்டுப்போனவர்களுக்குக் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் உதடும் விரல்நுனியும் மரத்துக் கூசும். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். கடைசிக் கீமோவுக்கும் இதற்கும் இடையில் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். அதற்குள் ஸ்டீராய்டு எடுத்தால் டி செல்கள் குறைந்து, எடுப்பதே வீணாகலாம்.

ஆய்வகத்தில் அந்தச் செல்களைத் தூண்டி, வைரஸ் வழியாகப் புது மரபணுவைச் சேர்த்து, பெருக்கி, உறையவைப்பார்கள். வெளியே விடுவதற்கு முன் உயிருள்ள செல் பொதுவாக 70 சதவீதமாவது இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, ஒரு செல்லுக்குள் எத்தனை மரபணுப் பிரதி நுழைந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பார்கள்.

ஏற்றுவதற்குச் சுமார் ஐந்து நாள் முன்னர், உடம்பிலுள்ள பழைய நிணநீர்ச் செல்களைக் குறைக்க ஃப்ளூடராபினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் கொடுக்கிறார்கள். ஃப்ளூடராபின் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 மில்லிகிராம், சைக்ளோஃபாஸ்ஃபமைடு 300 முதல் 500, மூன்று நாள் என்பது பல ஆய்வுகளில் காணும் அளவு. சாட்ரி-செல் ஆய்வுகளில் இவற்றோடு குறைந்த அளவு நாப்-பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தும் சேர்த்தார்கள். இந்த நாட்களில் வாந்திக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது கீமோ வார்டின் பழக்கம். இங்கே அது கூடாது.

செல் பை சிறியது. பைக்கும் கைப்பட்டைக்கும் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று இருவர் சரிபார்த்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, உடனே ஏற்றிவிட வேண்டும். வெள்ளணு வடிகட்டி உள்ள குழாயைப் போட்டுவிட்டால் கோடிக்கணக்கில் வளர்த்த செல் எல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிடும். உறையவைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ காரணமாக அறையில் பூண்டு வாடை ஒரு நாள்வரை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

முதல் 28 நாள்

பெரும்பாலும் முதல் வாரத்தில் காய்ச்சல் வரும். செல் பெருகி, கட்டியைத் தாக்கும்போது வெளிவரும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் புரதங்களால் வருவது இது. 38 டிகிரி காய்ச்சல் மட்டும் என்றால் முதல் நிலை. ரத்த அழுத்தம் குறைந்து சலைன் ஏற்ற வேண்டிவந்தாலோ மூக்குக் குழாயில் கொஞ்சம் ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ இரண்டாம் நிலை. அழுத்தத்தை உயர்த்த மருந்து வேண்டியிருந்தால் மூன்று. ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்த மருந்தோ வெண்டிலேட்டரோ என்றால் நான்கு. இரண்டாம் நிலையிலிருந்து, சைட்டோகைனின் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுப்பது வழக்கம்: கிலோவுக்கு 8 மில்லிகிராம், உச்சம் 800. ஐம்பது கிலோ ஆளுக்கு 400. செல் ஏற்றும் நாளன்றே குறைந்தது இரண்டு தவணை டோசிலிசுமாப் அந்த மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செரிமான உறுப்புப் புற்றில் இந்தக் காய்ச்சலைப் பிரித்தறிவது கடினம். வெள்ளணு குறைந்திருக்கும், ஸ்டென்ட் இருக்கும், குடலில் புண் இருக்கும். சைட்டோகைன் காய்ச்சலா, பித்தக்குழாய்த் தொற்றா என்று நின்று யோசிக்க நேரமில்லை. ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கையும் தொடங்கியாக வேண்டும், சைட்டோகைனுக்கான வைத்தியத்தையும் செய்தாக வேண்டும். மஞ்சள் காமாலையும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால் ஸ்டென்ட்டைப் பாருங்கள் என்று நீங்களே சொல்லலாம். டோசிலிசுமாப் போட்ட பிறகு காய்ச்சலும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எண்ணும் இறங்கும். தொற்று இருந்தாலும் இறங்கும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து கல்ச்சர் முடிவை மறந்துவிடக் கூடாது.

குறிவைத்த உறுப்பின் பக்கவிளைவும் இதே நாட்களில்தான் தலைகாட்டும். கிளாடின் 18.2 நல்ல இரைப்பைச் சவ்விலும் இருப்பதால் மேல்வயிற்று வலி, விடாத வாந்தி, சில சமயம் ரத்தக் கசிவு வரும். மலம் தார்போல் கறுத்தால் அன்றே எண்டோஸ்கோப்பி பற்றிப் பேச வேண்டும். ஜிசிசி குடலில் இருப்பதால் வயிற்றுப்போக்கு வரும். எத்தனை தடவை, எவ்வளவு நீர் என்று எழுதி வையுங்கள், "நிறையப் போகிறது" என்று சொன்னால் மருத்துவரால் தரம் பிரிக்க முடியாது.

மூளை பாதிக்கப்படுகிறதா என்று தினமும் பத்து மதிப்பெண் சோதனை ஒன்று செய்வார்கள். வருடம், மாதம், ஊர், மருத்துவமனை சொல்வதற்கு நான்கு. மூன்று பொருட்களின் பெயருக்கு மூன்று. சொன்னதைச் செய்வதற்கு ஒன்று, ஒரு வாக்கியம் எழுத ஒன்று, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்ல ஒன்று. நோயாளிக்கு எந்த மொழி இயல்போ அதில் செய்தால்தான் இது செல்லும். தமிழ் தெரியாத செவிலியர்கள் உள்ள இடத்தில் வீட்டாள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, செல் ஏற்றுவதற்கு முந்தைய நாளிலிருந்து அதே வாக்கியத்தைத் தினமும் காலையில் எழுத வையுங்கள், தேதியோடு. பேச்சு தெளிவாக இருக்கும்போதே கையெழுத்து முதலில் காட்டிக்கொடுக்கும்: வரி சரியும், எழுத்தின் மேல் எழுத்து ஏறும், புள்ளிகள் விடுபடும். நேற்றைய பக்கத்தோடு வைத்துப் பார்த்து மாறுதல் தெரிந்தால், இரவு இரண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள். 2022இல் வெளியான சாட்ரி-செல் முதல்கட்ட ஆய்வின் இடைக்கால முடிவில் 37 பேரில் ஒருவருக்கும் இந்த நரம்புப் பாதிப்பு வரவில்லை. மற்ற குறிகளுக்கு அதே உறுதியைச் சொல்ல முடியாது.

ஸ்கேனும் எண்களும்

முதல் ஸ்கேன் பொதுவாக நான்கு வாரத்தில். கட்டிகளின் மொத்த அளவு 30 சதவீதமாவது குறைந்தால்தான் "சுருங்கியது" என்று எழுதுவார்கள், அதுவும் மறு ஸ்கேனில் உறுதியாக வேண்டும்.

சேருவதற்கு முன் நீங்கள் படிக்கும் ஆரம்ப எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குச் சாட்ரி-செல்லே நல்ல பாடம். 37 பேரில் 48.6 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அதே ஆய்வு 98 பேராக முடிந்தபோது 38.8 சதவீதம். பிறகு ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து வழக்கமான மருந்தோடு ஒப்பிட்டபோது, நோய் வளராமல் நின்ற காலம் நடுமதிப்பாக 3.25 மாதம், எதிரணிக்கு 1.77 மாதம். உயிர்வாழ்ந்த காலம் 7.92 மாதம், எதிரணிக்கு 5.49. மருந்து வேலை செய்கிறது, சந்தேகமில்லை. கூடவே, செல் ஏறியவர்களில் 99 சதவீதத்தினருக்கு மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ பாதிப்பு வந்தது, அதில் பெரும்பகுதி ரத்த அணுக் குறைவு. "பாதிப் பேருக்குக் குணமாகிறது" என்று யாராவது சொன்னால் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்னசோட்டா ஆய்வில் 12 பேரில் ஒருவருக்கு, எம்எஸ்ஐ அதிகமுள்ள பெருங்குடல் புற்று முழுவதும் மறைந்து 21 மாதத்துக்கு மேல் திரும்பவில்லை. அதுவும் உண்மை, மற்ற பதினோரு பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதும் உண்மை.

வீடு திரும்பிய பின்

முதல் நான்கு வாரம் ஆய்வு மையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தங்க வேண்டும். ஊருக்குப் போன பிறகு ஏற்படும் பெரிய தவறு, உள்ளூர் மருத்துவர் வாந்திக்கோ வீசிங்குக்கோ ஒரு டெக்ஸா ஊசி போட்டுவிடுவது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஆய்வுக் குழுவைக் கேட்காமல் ஸ்டீராய்டு கூடாது. ஃப்ளூடராபின் பெற்றவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும். ரத்த வங்கிக்கு இதை எழுத்தில் கொடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் வேண்டாம். குழு சொல்லும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

மரபணு மாற்றிய செல்லைப் பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டு கண்காணிக்கிறார்கள். ரத்தப் புற்றுக்கான கார்-டி மருந்துகளைப் பெற்ற சிலருக்கு டி செல்லிலேயே புதிய புற்று வந்ததால், அமெரிக்க மருந்து ஆணையம் 2024 ஜனவரியில் அவற்றின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. நோயாளியின் பர்ஸில் ஓர் அட்டை எப்போதும் இருக்கட்டும்: செல்லின் பெயர், குறிவைத்த புரதம், ஏற்றிய தேதி, ஆய்வு எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும் தொலைபேசி எண், "ஸ்டீராய்டு கொடுக்கும் முன் அழைக்கவும்" என்ற வரி, "கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்" என்ற வரி. இதன் ஒரு நகலை வீட்டுக்குப் பக்கத்து மருத்துவரிடமும் கொடுத்துவிடுங்கள்.